உன் காரை ஏற்றிப் போக ஒரு டிரெய்லர்

சாமி,

நாளைக் காலையில் நீ சென்னைக்குப் போகிறாய். கோலைத் தட்டி நடக்கவும், விரலால் தடவிப் படிக்கவும், பேசுகிற கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு. உன் பெட்டியை அம்மா அடுக்குவதும் பிரிப்பதும் மறுபடி அடுக்குவதுமாக இருக்கிறாள். நான் பண்ணை ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் நீ என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நீ கண்ணால் படிக்கும்படி நான் உனக்கு எழுதுகிற கடிதம் இது ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் பெரிய எழுத்தாக எழுதலாம் என்று நினைத்தேன். "பெருசா எழுதுனா ஒரு எழுத்துதானுங்ப்பா என் பார்வைக்குள்ள அடங்கும். சின்னதாவே எழுதுங்க" என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் சின்ன எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு எழுதுகிறேன்.

உன் கண் விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உன் அத்தை சொன்னாள். "வெளிய தெரிஞ்சா புள்ளைய யாரு கட்டுவாங்க, கமுக்கமா இருங்க" என்றாள். நீதான் அறைக்குள்ளிருந்து வந்து, "மறச்சு வெச்சுட்டு நான் ஊட்டுக்குள்ளயே சுத்தீட்டு இருக்கறதாங்த்தை? எல்லாத்துக்கும் சொல்லுங்ப்பா" என்றாய். அதனால் இதை நான் மடித்து ஒட்டப்போவதில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

உன்னைக் கார்ப் பந்தயத்துக்கு அனுப்பியவன் நான் என்று ராசிபுரம் வரைக்கும் பேச்சு உண்டு. நான் அனுப்பவில்லை. நீ போனாய், நான் பின்னால் வந்தேன். எஞ்சினியரிங் முடித்துவிட்டுப் பண்ணைக்கு வந்தவள், காலையில் கோழித் தீவனத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் முழுக்க அந்தப் பழைய சின்னக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தாய். பின் சீட்டைப் பிடுங்கி எறிந்தாய். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினாய். கார் உருண்டாலும் தலை நசுங்காது என்று எனக்கு விளக்கினாய். உன் அம்மா அந்தக் கூண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்குடி உருளோணும்?" என்று கேட்டாள். கோயம்புத்தூர்ப் பக்கம் மண் பாதைப் பந்தயம் ஒன்றில் நீ முதல் தடவை ஓடியபோது நான் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன். புழுதி அடங்கி, நீ ஹெல்மெட்டைக் கழற்றியபோது உன் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நான் உன் ஆள்.

அந்தக் கார் ரோட்டில் ஓடக்கூடாத கார். பந்தயம் நடக்கிற இடத்துக்கு எதன் மேலாவது ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். நாம் முட்டை லாரியில் ஏற்றினோம். வாய்க்கால் கரையோரம் இருந்த மண்மேட்டில் லாரியைப் பின்பக்கமாக அணைத்து நிறுத்துவோம். நீ மேட்டின் மேலிருந்து நேராக லாரிக்குள் ஓட்டிக்கொண்டு போவாய். போன வருஷம் கேரளாவுக்கு முட்டை இறக்கப் போன லாரி திரும்பி வராமல் வழியில் நின்றுவிட்டது. நீ மேட்டின் மேல் காரை நிறுத்தி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பந்தயம் முடிகிற நேரம் வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். சாப்பிடக் கூப்பிட வந்த என்னிடம், "நம்ம பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டற மாதிரி ஒரு டிரெய்லர் வேணுமுங்ப்பா. இனி யாரையும் நம்பி நிக்க முடியாது" என்றாய்.

லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கின ஊரில் ஒரு சின்னக் காருக்கு டிரெய்லர் கிடைப்பதா கஷ்டம் என்று கிளம்பினோம். கஷ்டமாகத்தான் இருந்தது. ஓமலூரில் ஒருவர் பழைய டிராக்டர் டிரெய்லரை வெட்டிச் சுருக்கித் தருகிறேன் என்றார். அது இடுப்பு உயரம் இருந்தது, குலுங்கலைத் தாங்க வில்பட்டையும் கிடையாது. கரும்பு ஏற்றலாம், கார் ஏற்றினால் ஊர் போய்ச் சேருவதற்குள் நட்டெல்லாம் கழன்றுவிடும் என்று நீ சிரித்தாய். ஆத்தூரில் ஒரு பட்டறையில் முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்தை ரோட்டில் உருட்டிக்கொண்டு போகிற சின்னச் சட்டம் ஒன்று காட்டினார்கள். வழியில் நின்ற வண்டியை மெக்கானிக் கடைக்கு இழுத்துப் போக அது போதும். "இதுக்கு நான் ஓட்டீட்டே போயி போலீசுல மாட்டிக்குவனே" என்றாய். திரும்பி வருகிற வழியெல்லாம் டிரெய்லர் பேச்சுத்தான். ஒற்றை அச்சா இரட்டை அச்சா, பிரேக் வேண்டுமா வேண்டாமா, ஏறுபலகை எவ்வளவு நீளம் இருந்தால் காரின் வயிறு உரசாது. உன்னோடு அப்படிச் சரிக்குச் சரி வாயாடிக்கொண்டு வண்டி ஓட்டியதைப் போல் சந்தோஷமான நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

கடைசியில் நாமக்கல் பைபாஸை ஒட்டி ஒரு பட்டறையில் நாம் தேடிய மாதிரி இரண்டு டிரெய்லர் நின்றிருந்தன. ஒன்று, சக்கரம் ஓடுகிற இடத்தில் மட்டும் இரண்டு இரும்புப் பாதை போட்டு நடுவில் வெறுமையாக விட்டது. இன்னொன்று, முழுக்கத் தகடு அடித்துத் தளமாக மூடியது. நீ முதலாவதுதான் வேண்டும் என்றாய். எடை குறைவு, பிக்கப் திணறாது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. கனம் அதிகம்தான், ஆனால் காரை ஏற்றிய பிறகு சுற்றிலும் கால் வைத்து நடந்து சக்கரங்களைப் பட்டை போட்டுக் கட்டலாம். சண்டை தீரவில்லை. பட்டறைக்காரர், "ஏனுங்க, காரக் கொண்டாந்து ஏத்தியே பாத்தரலாமுங்க. அப்புறம் ரெண்டு பேரும் சண்ட போடுங்க" என்றார். ஒரு வாரம் கழித்துக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனோம்.

அந்தக் காலையை நீ எப்படி நினைத்துப் பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை. என் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல வெளிச்சம். பட்டறைக்காரர் டிரெய்லருக்கு இடது பக்கமாக, காரின் முன் மூலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். நீ கேட்ட முதலாவது டிரெய்லரில்தான் மெதுவாக ஏறினாய். முன் சக்கரங்கள் ஏறுபலகையைத் தாண்டி மேலே வந்தபோது இடது சக்கரம் பாதையின் வெளி விளிம்புக்கு நகர்ந்தது. அவர் நில் என்று கையை ஆட்டினார். நீ நிற்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினார். அந்த எஞ்சின் சத்தத்தில் உனக்கு எங்கே கேட்கும்? சக்கரம் விளிம்பைத் தாண்டியது. அவர் பின்னால் எகிறிக் குதித்தார். கார் ஒரு பக்கமாகச் சரிந்து வயிறு தட்டி உட்கார்ந்தது.

நீ இறங்கி வந்து, "பலக நகுந்துருச்சுங்ப்பா" என்றாய். பலகை கொக்கியில் மாட்டியபடி அப்படியே இருந்தது. பட்டறைக்காரருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. கோபமாகத்தான் வந்தார், உன் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"பாப்பா, நான் அந்தக் கத்து கத்தறேன், கைய ஆட்டறேன், பாத்துட்டே மேல வாரீங்களே?"

"நீங்களா? நீங்க எங்க நின்னீங்க?"

அவர் நின்ற இடத்தைக் காட்டினார். கையை நீட்டித் தொடுகிற தூரம். நீ அந்த இடத்தைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கும் தெரிந்தது. அம்மா பக்கவாட்டில் நீட்டின காப்பி டம்ளரை நீ தட்டிவிட்டது, வாசலில் கிடந்த தீவன மூட்டை மேல் இடித்து விழுந்தது, பொழுது சாய்ந்தால் பைக்கை எடுக்க மாட்டேன் என்று ஏதேதோ சாக்கு சொன்னது, போன பந்தயத்தில் இடது பக்கத்துக் கம்பங்களை மட்டும் வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. அதுவரை அதற்கெல்லாம் நான் வைத்திருந்த பெயர் அவசரக் குடுக்கை.

சேலத்து ஆஸ்பத்திரியில் உன்னை ஒரு இருட்டறையில் உட்கார வைத்தார்கள். கிண்ணம் போன்ற மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நானும் அம்மாவும் திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதலில் டிக் டிக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அது புள்ளிகளைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். "முடிஞ்சுருச்சுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே போகும், மருந்து இல்லை, அறுவை இல்லை என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "சொந்தத்துல கல்யாணமுங்களா?" என்று கேட்டார். "இவிய எனக்கு அத்த பையனுங்க" என்றாள் அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் எதற்குக் கேட்டார் என்பது அவளுக்கு உறைத்தது. எல்லா நேரமும் அப்படி ஆவதில்லை, இது யார் தப்பும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "பந்தயத்துல ஓட்டலாமுங்களா?" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பந்தயம் வேண்டாம்மா. ரோட்டுலயும் வேண்டாம்" என்றார். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் போனோம். வார்த்தைகள் மாறின, சங்கதி மாறவில்லை.

அதற்குப் பின் வந்த நாட்களில் நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து வாய் நிறையக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. நீ கவனித்துவிட்டாய். கோழிக்குத் தண்ணீர்க் குழாயை நான் சரிபார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "ஏனுங்ப்பா, இப்பெல்லாம் கண்ணுன்னு கூப்பிட மாட்டேங்கறீங்க?" என்றாய். நான் குழாயை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். "கூப்புடுங்ப்பா. இல்லாட்டி அதுவும் போயிரும்" என்றாய். கூப்பிட்டேன். அன்றைக்குக் கூப்பிட்டதைப் போல் கஷ்டமான ஒன்றை நான் செய்ததில்லை.

ஏரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சித்திரையில் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான்தான் கேட்டேன், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறாயா என்று. அம்மா கரையில் நின்றாள். உன் காரில் நான் முதல் தடவையாக ஏறியதும் அன்றைக்குத்தான். பெல்ட்டை நீதான் மாட்டிவிட்டாய். இடது பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நேராகப் பார் என்றேன். நீ ஓட்டினாய். அந்த வறண்ட தரையில் வட்டம் போட்டு, எட்டு போட்டு, பின்பக்கத்தை வழுக்க விட்டு மறுபடி பிடித்து, புழுதி நம் மேலேயே கொட்ட, நீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓட்டினாய். நானும் சிரித்தேன். இடது பக்கம் பார்க்க வேண்டியவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவேலம் புதரிலிருந்து ஆடுகள் வெளியே வந்ததை ஒரு நொடி தாமதமாகத்தான் பார்த்தேன். "ஆடு!" என்று கத்தினேன். நீ பிரேக்கை மிதித்தாய். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வெள்ளாட்டங்குட்டி நீ கழற்றிப் போட்டிருந்த பம்பரின் இடத்தை முகர்ந்துவிட்டுப் போனது.

நீ எஞ்சினை அணைத்தாய். "நீங்க கத்தறதுக்கு முந்தியே அதுக அங்க இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு, சாமி."

"எத்தன?"

"ஒரு மந்தை."

சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "போதுமுங்ப்பா. அடுத்தது ஆடா இருக்காது." கரை வரைக்கும் நான்தான் ஓட்டி வந்தேன். அந்த கியர் எனக்குப் பிடிபடவில்லை, கார் திக்கித் திக்கிப் போனது. வழக்கமாக இருந்தால் நீ கத்தியிருப்பாய்.

பொள்ளாச்சி நித்யாவுக்கே காரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தவள் நீ. உன்னோடு ஓடி ஒரு தடவை உன்னிடம் தோற்றவள், ஒரு தடவை உன்னை ஜெயித்தவள். டிரெய்லரோடுதான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாய். மண்மேட்டையும் லாரியையும் நம்பி அவளும் ஒரு பந்தயத்தை விட்டுவிடக்கூடாதாம். மறுபடி நாமக்கல் போனோம். இந்தத் தடவை சண்டையே வரவில்லை. மூடின தளம், இரட்டை அச்சு, டிரெய்லருக்கே தனி பிரேக், ஏறிய பிறகு கார்க் கதவு இடிக்காமல் திறக்கிற மாதிரி தாழ்வான மட்கார்டு, நீளமான ஏறுபலகை, தளத்தின் இரண்டு விளிம்பிலும் ஒரு பிடி உயரத்துக்குத் தடுப்பு. அந்தத் தடுப்பை நீ விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தாய். பட்டறைக்காரர் அதற்கு முன்னால் யாருக்கும் அப்படித் தடுப்பு வைத்துக் கொடுத்ததில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை. நான் சொன்ன எல்லாவற்றையும் நீ ஒப்புக்கொண்டாய். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாயா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

அப்பன் எழுதுகிற கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கிறது கொஞ்சம்தான். நல்லதாகிவிடும் என்று யாராவது எண்ணெயோ சொட்டு மருந்தோ கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள், அவர்கள் மனசு நோக வேண்டாம். ஆனால் கண்ணில் விடாதே. புதிதாக ஒருவர் வந்தால் எனக்கு இந்தப் பக்கம் தெரியாது, பேசிக்கொண்டே வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. கோபம் வந்தால் கோபப்படு, பரவாயில்லை பரவாயில்லை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்காதே. எங்களுக்கும் சொல்லாதே. எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதவில்லை, பார்த்துக்கொள். சரியாகாது. எனக்கு வயசாகிறது. உன் இடது பக்கம் நான் நிற்கப்போவது இன்னும் கொஞ்ச காலம். அதற்குப் பிறகு யார் என்று யோசிக்கத் தொடங்கினால் எழுந்து போகிறேன். பண்ணையைச் சுற்றி நடக்கிறேன், திரும்பி வருகிறேன், அதே இடத்தில்தான் இருக்கிறது அந்தக் கேள்வி.

நித்யா வந்த அன்றைக்குக் காரை டிரெய்லரில் ஏற்றியது அவள்தான். நீ பக்கத்தில் நின்று, "இன்னும் முன்னாடி போ, இன்னும் கொஞ்சம், எஞ்சின் அச்சுக்கு முன்னால வரோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாரம் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வேகம் பிடிக்கிறபோது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும் என்று அவளுக்கு விளக்கினாய். பிறகு நானே கட்டுகிறேன் என்று சொல்லிப் பட்டைகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாய். கண்ணை மூடிக்கொண்டு கட்டினாய். அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் போய், கொக்கியை மாட்டி, இறுக்கி, பட்டையைச் சுண்டிப் பார்த்தாய். நாலாவதில் கொக்கி வளையத்துக்குள் விழாமல் தகட்டின் விளிம்பில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதையும் இறுக்கிவிட்டு, முடிந்தது என்று எழுந்தாய்.

சத்தமில்லாமல் போய் நானே மாட்டிவிட்டிருக்கலாம். ஆனால் நீ போகப்போகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன். "பின்னாடி, வலது பக்கம் சரியா மாட்டல, கண்ணு" என்றேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி மண்டியிட்டு, தேடி, வளையத்தைக் கண்டுபிடித்து மாட்டினாய். அதற்கு நேரம் பிடித்தது. நித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவள் தன் வண்டியில் கிளம்பினாள். நாம் மூன்று பேரும் பண்ணை வாசலில் நின்றோம். வண்டி மண் தடத்திலிருந்து தார் ரோட்டில் ஏறி வேகம் பிடித்தது.

"ஆடுதுங்களாப்பா?"

"இல்ல சாமி. நேரா போகுது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாய். "இப்ப?"

"இப்பவும் ஆடல."

உன் வட்டத்திலிருந்து அது எப்போதோ போயிருக்கும். என் கண்ணிலிருந்து அது மறைகிற வரைக்கும் நீ கேட்டுக்கொண்டே நின்றாய், நான் சொல்லிக்கொண்டே நின்றேன். மறைந்த பிறகும் நீ கேட்டாய். ரோடு வெறுமையாகக் கிடந்தது. நேராகப் போகிறது என்றேன்.

உன் அப்பா